பாறசாலை அலுவலகத்தில் இரண்டு அம்பூரி

ஊர் சுற்றப் போனேன் என்றால் பொய். வேலைக்குத்தான் போனேன். ஆனால் ஆனி மாத மழையில் நாகர்கோவிலிலிருந்து பாறசாலைக்கு சன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால், வேலையும் எனக்குச் சுற்றுலாதான். அலுவலக மென்பொருள்களைச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு; முக்கால்வாசி வீட்டிலிருந்தே முடித்துவிடுவேன். இந்த முறை கூப்பிட்டது, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் ஒரு சின்ன அமைப்பு. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கனகம் அக்கா போனில் சொன்னார்: "பிள்ளே, கம்ப்யூட்டரு தன்னால பாஷை மாறுது. காலத்த மலையாளம், உச்சைக்கு தமிழு. பேய் புடிச்சதுபோல ஆக்கும். ஒண்ணு வந்து பாரு."

காலை ஏழரைக்கு நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினேன். களியக்காவிளைக்குச் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். மார்த்தாண்டம் நெரிசலையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். அங்கே கேரள பஸ்ஸுக்கு மாறினால் பாறசாலை பத்து நிமிடம். எல்லை சரியாக எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், ஒவ்வொரு முறையும் கண் சொக்கிவிடும். அன்றும் அப்படித்தான். கண் அசந்தபோது பின் இருக்கையில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். விழித்தபோது அது மலையாளமாகியிருந்தது. திட்டு வாங்கியது மட்டும் அதே மருமகள்.

அலுவலகம் ஒரு டீக்கடையின் மாடியில் இருந்தது. மூன்று கணினிகள், வாசலில் ஒரு ஜீப், சுவரில் பசை நாடா போட்டு ஒட்டிய கடவுச்சொல். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. அங்கே வேலை செய்யும் மூன்று பேருக்கும் ஒரே பயனர் பெயர்.

"ஏன் அக்கா, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா?"

"ஒரு வீட்டுக்கு எதுக்கு பிள்ளே மூணு சாவி?" என்றார் கனகம் அக்கா.

அந்த மென்பொருள் ஒரு பயனருக்கு ஒரு மொழியைத்தான் நினைவில் வைக்கும். புதிதாக வந்த நர்ஸ் ஜெஸ்ஸி கோட்டயத்துக்காரி. "எனிக்கு தமிழ் வாயிக்கான் அறியில்லல்லோ" என்று, தமிழ் வாசிக்கத் தெரியாததால், காலையில் மலையாளத்துக்கு மாற்றுவார். களியக்காவிளையில் படித்த கனகம் அக்காவுக்குத் தமிழில் தட்டச்சு செய்வதுதான் வேகம். மதியம் அவர் தமிழுக்கு மாற்றுவார். ஒரே பெயர் என்பதால் ஒருவர் மாற்றினால் எல்லாத் திரைகளும் மாறும். பேய் அகப்பட்டது என்று நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே போன் அடித்தது. அம்பூரியிலிருந்து மேரி என்ற பெண். அவர் கணவர் செல்லையன் ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சிறுநீர்க் குழாயை மாற்ற வேண்டிய நாள் கடந்துவிட்டது. நேற்றிலிருந்து காய்ச்சல். "சிஸ்டரு ஏன் வரல்ல?" என்று மேரி கேட்டது எனக்கும் கேட்டது.

கனகம் அக்கா திரையில் அம்பூரியைத் திறந்தார். செல்லையன் இல்லை. நான் மொழியை மலையாளத்துக்கு மாற்றினேன். செல்லையன் இருந்தார்.

விஷயம் இதுதான். மென்பொருள் ஒவ்வொரு மொழிக்கும் தனி ஊர்ப்பட்டியல் வைத்திருந்தது. தமிழில் சேர்த்த அம்பூரியும் மலையாளத்தில் சேர்த்த அம்பூரியும் அதற்கு இரண்டு ஊர்கள். ஜீப் எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று எடுக்கும்போது, அந்த நேரத்தில் திரையில் எந்த மொழியோ அந்த ஊர்க்காரர்கள் மட்டும் வருவார்கள். இது ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? பட்டியலைப் பார்க்கும் அக்காவுக்கு இரண்டு எழுத்தும் ஒன்றுதான். "எந்த எழுத்துண்ணு ஆரு பாத்தா? வாசிச்சா மனசிலாவுது" என்றார் கனகம் அக்கா. சொன்னவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு ஊர்ப்பட்டியல்களையும் இணைத்து, விடுபட்டவர்களை எடுக்க அரை மணி நேரம் ஆனது. செல்லையனைத் தவிர ஆரியங்கோட்டில் இருவர். நல்லவேளை, அவர்களுக்கு இன்னும் நாள் இருந்தது. ஜெஸ்ஸி பையைத் தூக்கினார். "நீயும் போ பிள்ளே. சரியாக்குதது ஆருக்குண்ணு ஒனக்கும் தெரியட்டு" என்றார் கனகம் அக்கா. நானும் ஏறினேன்.

வெள்ளறடை வழியாக மலையேறும் அந்தப் பாதையை எப்படிச் சொல்வது? மழை நின்றும் நிற்காமலும் இருந்தது. பால் வெட்டிய இடத்தில் மழை இறங்காமல் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. மூடுபனி ஒரு வளைவில் வந்து ஜீப்புக்குள் ஏறும், அடுத்த வளைவில் இறங்கிவிடும். இது எந்த ஊர் என்று ஓட்டுநர் ராபினிடம் கேட்டேன். "மழைக்கு எல்லாம் ஒரே ஊராக்கும்" என்றார். அவசரமாகப் போகிறோம் என்று தெரிந்தும், அந்தப் பாதை முடியக் கூடாது என்று ஒரு மனசு கேட்டது. வெட்கமாக இருந்தது.

செல்லையன் கண்ணைத் திறந்து ஜெஸ்ஸியைப் பார்த்து, "வந்தியா மோளே" என்றார். ஜெஸ்ஸி குழாயை மாற்றினார், டாக்டரிடம் போனில் பேசினார், மாத்திரையைக் கொடுத்தார். வெளியே வந்துதான் மூச்சு விட்டார்.

செல்லையனின் பதிவைத் திருத்த என் போனில் திறந்தேன். 'நோயாளியின் மொழி' என்று ஒரு கட்டம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மேரியிடம் கேட்டேன்.

"வலி வந்தா தமிழில கரைஞ்சு அழுவாரு. செபம் மலையாளத்தில. இதில எதை எழுதுவிய?"

நான் எதையும் எழுதவில்லை. அன்று சாயங்காலமே அந்தக் கட்டத்தில் இரண்டையும் தேர்ந்தெடுக்க வழி செய்தேன். மூன்று பேருக்கும் மூன்று பயனர் பெயர் கொடுத்தேன். சுவரில் இருந்த கடவுச்சொல்லைக் கனகம் அக்காவே கிழித்தார்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: குடை கட்டாயம். பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்கு பஸ் உண்டு, சுமார் பதினைந்து கிலோமீட்டர். அதற்கு மேல் ஜீப்போ ஆட்டோவோ பேசிக்கொள்ளுங்கள், போன் சிக்னலை நம்பாதீர்கள். டீயும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் முப்பது ரூபாய்க்குள் முடியும். என்னைப்போல் கணினி பார்க்கப் போகிறவர்கள், திரையைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள்.

அடுத்த வாரம் கனகம் அக்கா கூப்பிட்டார். "செல்லையனுக்கு காய்ச்சலு விட்டுது பிள்ளே. ராத்திரி தமிழு கொறவுண்ணு மேரி சொன்னா."

தமிழ் குறைந்தது என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.