ஐந்தாவது போல்ட்

இதைப் படித்துவிட்டு "மெக்கானிக் நல்லா கதை விடுறான்" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நடந்தது நடந்ததுதான். அன்றைக்குப் பயந்தேன், உண்மை. இப்போது பயம் போய்விட்டது, வெட்கம் மட்டும் போகவில்லை. என் மனைவியிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

எனக்குச் சின்ன ஒர்க் ஷாப். உள்ளே இரண்டு வண்டி நிற்கலாம். மூன்றாவது வந்தால் நான் வெளியே நிற்க வேண்டும். என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த போல்ட்டைக் கழற்றி மாட்டினாலும், இறுக்கிய பிறகு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து மூடிவரை மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். போல்ட் துளி திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள் கோடு இருந்தால் அதை நான் திறந்து பார்த்தேன் என்று அர்த்தம். என் கையெழுத்து மாதிரி அது.

நர்ஸ் அக்கா என் பழைய வாடிக்கையாளர். ஆஸ்பத்திரிக்குப் போக வர தினமும் எண்பது கிலோமீட்டர் ஓட்டுபவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 5.20-க்கு வந்தார். மீட்டரில் 91,300.

"தம்பி, டைமிங் பெல்ட்டைத் தொண்ணூறாயிரத்துல மாத்தணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. இப்பவே மாத்தணுமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?"

"தொறந்து பார்த்துட்டுச் சொல்றேன்க்கா."

டைமிங் பெல்ட் என்பது எஞ்சினுக்குள் சுற்றும், பல் வைத்த ரப்பர் பட்டை. அறுந்தால் எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஐந்து போல்ட்டைக் கழற்றி மூடியை எடுக்க வேண்டும். இருபது நிமிட வேலை.

ஆறு மணிக்கு டிவியில் மேட்ச்.

நான் திறக்கவில்லை. அக்கா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து போல்ட்டிலும் மஞ்சள் கோட்டை மட்டும் இழுத்தேன். பானெட்டைச் சாத்தினேன்.

"பெல்ட் புதுசு மாதிரி இருக்குக்கா. தாராளமா இன்னும் பத்தாயிரம் ஓட்டலாம்."

"நீங்க சொன்னா சரிதான் தம்பி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த மேட்ச் பாதியிலேயே மழையில் நின்றுபோனது. அதை இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இருபத்து நாலாம் நாள். செவ்வாய்க்கிழமை. பகல் 4.10. வெளியே கொட்டுகிற மழை. நான் தரையில் உட்கார்ந்து ஒரு பிரேக்கைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அக்காவின் கார் உள்ளே நின்றது. வந்த சத்தம் கேட்கவில்லை. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா காருக்குப் பக்கத்தில் நின்றார். யூனிபார்மில்.

"தம்பி, பெல்ட்டைத் தொறந்து பாருங்க."

"அன்னிக்கே பார்த்தேனேக்கா..."

"தொறந்து பாருங்க."

அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. பேய் என்று இல்லை. குட்டு உடைந்துவிட்டதோ என்றுதான்.

பானெட்டைத் திறந்தேன். மீட்டரையும் ஒரு பார்வை பார்த்தேன். 93,046.

எஞ்சினில் கை வைத்தேன்.

சில்லென்று இருந்தது.

நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்த எஞ்சின் சுட வேண்டும். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். இத்தனை மழையில் வந்த காரின் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தரையில் டயர் தடமும் இல்லை.

"அக்கா, உட்காருங்களேன்..."

அக்கா எஞ்சினையே பார்த்தார்.

4.20. ஸ்பேனரை எடுத்தேன். முதல் போல்ட். க்ரிக்... மஞ்சள் கோடு உடைந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. என் பொய் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டே வந்தது. பின்னால் அக்கா நிற்கிறார். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஐந்தாவது போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். மூடியை எடுத்தேன்.

பெல்ட் அறுந்து கிடந்தது.

இந்த பெல்ட்டோடு ஒரு கார் ஓர் அடி நகராது.

"அக்கா... இது... அறுந்திருக்கு..."

"தெரியும். நீங்க பார்க்கணும்னுதான் வந்தேன்."

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"மூடிடுங்க தம்பி. நேரமாச்சு."

அவசர அவசரமாக நான்கு போல்ட்டை விரலாலேயே திருகினேன். ஐந்தாவதை எங்கே வைத்தேன்? தட்டில் இல்லை. குனிந்து தேடினேன்.

நிமிர்ந்தேன்.

கார் இல்லை.

அக்கா இல்லை.

காய்ந்த தரை மட்டும்...

மூன்றாம் நாள் காலை 9.30. இழுவை வண்டியில் கட்டி ஒரு காரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. அக்காவின் கார். கூட வந்தவர் அக்காவின் தம்பி. கண்கள் வீங்கியிருந்தன.

"ஹைவேயில ஓடிட்டிருக்கும்போதே எஞ்சின் நின்னுடுச்சாம் அண்ணே. பின்னாடி வந்த லாரி..." நொறுங்கிய பின்பக்கத்தைக் காட்டினார். "அங்கேயே போயிட்டா."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ரெண்டே முக்கால். வண்டி போலீஸ் ஸ்டேஷன்லதான் நின்னுச்சு. இன்னிக்குத்தான் விட்டாங்க. பானெட்டை இதுவரைக்கும் யாருமே தொறக்கலை."

நான் திறந்தேன்.

நான்கு போல்ட். நான்கிலும் மஞ்சள் கோடு விலகியிருந்தது. விரலால் தொட்டேன். இறுக்கமே இல்லை, கையோடு சுழன்றது.

ஐந்தாவது இடத்தில் வெறும் ஓட்டை. அதன் ஓரத்தில் பாதிக் கோடு.

செவ்வாய்க்கிழமைச் சட்டை உள்ளே ஆணியில் தொங்கியது. துவைக்கப் போடவில்லை. அதைத் தொடவே எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. போய்ப் பையில் கை விட்டேன்.

இருந்தது. தலையில் மீதிப் பாதி மஞ்சள் கோடு.

கொண்டுவந்து ஓட்டையில் வைத்துத் திருகினேன். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே கோடாயின.

அக்காவின் தம்பி பார்த்துக்கொண்டே நின்றார்.

"அக்கா சொன்னாண்ணே. பெல்ட்டை நீங்க தொறந்து பார்த்துட்டீங்கன்னு. அந்தத் தைரியத்துலதான் ஓட்டினா. நீங்க... தொறந்து பார்த்தீங்கதானே?"

என் தலை குனிந்தே இருந்தது.

"பார்த்தேன்" என்றேன்.

பொய் இல்லை. செவ்வாய்க்கிழமை 4.20-க்குத் திறந்து பார்த்தேன். அக்கா இறந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு.