கீறல் படாத முதுகு

உருத்திரபுரத்தில் தன் முதுகைப் பற்றித் தில்லைநாதரைப் போலப் பெருமை பேசியவர் வேறு எவரும் இல்லை. போர் முடிந்து சனம் முகாமுக்குப் போனபோது, ஆமிக்காரர் ஆண்களை வரிசையில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். உடம்பில் காயத் தழும்பு இருந்தவர்களைப் போராளிகளோ என்று தனியே விசாரித்தார்கள். தில்லைநாதரின் முதுகு கழுவி வைத்த பீங்கானைப் போல இருந்தது. முதல் ஆளாக உள்ளே போனார்.

"அவ்வளவு ஷெல்லுக்குள்ளயும் ஒரு கீறல் விழேல்லை. அறிவு வேணும்" என்பார்.

அந்த அறிவு எது என்று ஊருக்குத் தெரியும். பதுங்குகுழி வெட்டும்போது அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வெட்டி முடிந்ததும் முதலில் இறங்கிக் குந்துபவர் அவர்தான். இப்போதும் வாய்க்கால் துப்புரவு என்றால் அன்று அவருக்குக் காய்ச்சல். தண்ணீர் வந்ததும், முதல் ஆளாக மண்வெட்டியோடு வரம்பில் நிற்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நிருஷன் மகனாக வாய்த்தான். உயர்தரத்தில் கணிதம் படித்தான். படைகளுக்கு அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடக் கடேற் அணியில் சேர்ந்த நாளிலிருந்தே சொல்லிவந்தான். விடிய முன்னர் வாய்க்கால் கட்டில் ஓடுவான். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் பாலைமரக் கிளையில் தொங்கி எழும்புவான். பின்னேரத்தில் சிங்களமும் ஆங்கிலமும் படிப்பான்.

முதலில் தில்லைநாதர் குதித்தார். "ஆமிக்குப் போறியோ? ஊர் காறித் துப்புமடா!"

நேர்முகத் தேர்வில் மகன் எடுபட்ட செய்தி வந்ததும் அவர் நாக்குப் புரண்டது. நல்லதம்பியின் தேத்தண்ணிக் கடையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு காலுக்கு மேல் கால் போட்டார். நல்லதம்பி மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். தில்லைநாதர் அவருடைய தேத்தண்ணியைக் குடிப்பார். அவரை மனிதராக மதிக்கமாட்டார்.

"ஒஃபிசர் எண்டால் என்னெண்டு உனக்கு விளங்குமோ நல்லதம்பி? சலூட் அடிக்கிற ஆக்கள் இல்லை, வாங்கிற ஆக்கள்."

"நல்லதுங்க ஐயா. தம்பி மெடிக்கலும் பாஸ் பண்ணட்டும்."

"அதுக்கு நான் அம்மாளாச்சிக்கு நேத்தி வைச்சிட்டன். தூக்குக்காவடி!"

கடையில் இருந்தவர்கள் வியப்போடு அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் அவர் அந்த நேர்த்திக்கடனையே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான், காவடியில் முள்ளேற்றித் தொங்கப்போவது யார் என்ற கதை எழுந்தது.

"மெடிக்கலுக்கு இன்னும் ரெண்டு கிழமைதானப்பா இருக்கு. முதுகிலயும் தொடையிலயும் முள்ளுக் குத்தினால் நான் எப்பிடி ஓடுறது?" என்றான் நிருஷன்.

"அம்மாளாச்சியை விட மெடிக்கல் பெரிசோ?"

குசினிக்குள் இருந்து அன்னபாக்கியம் எட்டிப் பார்த்தாள். "நேத்தி வைச்சது நீங்கள்தானே. நீங்களே தூங்குங்கோவன்."

"எனக்குப் பிரஷர் எல்லே!"

நிருஷன் மூன்று நாள் மறுத்தான். அதற்குள் தில்லைநாதர் உழவு இயந்திரம் பேசி, மேளம் பேசி, ஒலிபெருக்கிக்கும் சொல்லிவிட்டார். கடைசியில், சாமிக் குற்றம் வந்துவிடுமோ என்று அன்னபாக்கியமே கலங்கினாள். தாயின் கண்ணீரைப் பார்த்து அவன் சட்டையைக் கழற்றினான்.

முதுகிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் செடில் முள் என்னும் கொக்கிகளை ஏற்றி, உழவு இயந்திரத்தின் முன்னால் துலாவில் அவனைத் தூக்கினார்கள். கீழே தில்லைநாதர் பட்டு வேட்டியும் வெறும் மேலுமாக நடந்தார். அந்தப் புகழ்பெற்ற முதுகில் சந்தனம் பூசியிருந்தார். "அதிகாரியாகத் தெரிவுசெய்யப்பட்ட எங்கள் ஊர் மைந்தன்" என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு முறையும் அவர் இருபக்கமும் தலையசைத்தார், காவடியில் தொங்குவது தாம்தான் என்பதுபோல.

காயங்களுக்குத் திருநீறு அப்பினார்கள். முதுகுக் காயம் ஆறியது. கெண்டைக் காயம் சீழ் பிடித்தது.

பரிசோதனைக்குத் தகப்பனும் கூடப் போனார். வாசலில் நின்று காவலாளிக்குத் தன் முதுகுக் கதையைச் சொல்ல முயன்றார். அவருக்குச் சிங்களம் வரவில்லை. காவலாளிக்குப் பொறுமை வரவில்லை. நிருஷன் வெளியே வந்தபோது காலில் புதுக் கட்டுப் போட்டிருந்தது.

"என்ன சொன்னவை?"

"முதுகைப் பாத்திட்டு இது என்ன காயம் எண்டு கேட்டவை. கோயில் எண்டனான். நம்பினவை. ஆனால் இந்தக் காலோட ஓட விடேலாதாம். அடுத்த வருஷம் வரட்டாம்."

பேருந்தில் தில்லைநாதர் நித்திரை கொண்டார். மறுநாள் கடைக் கதிரையில் இருந்து, "தமிழனை எங்கயடா எடுக்கிறாங்கள்!" என்று உறுமினார்.

நல்லதம்பி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "கால் புண்ணு ஆறிடுச்சுங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார். ஒலிபெருக்கி வைத்து ஊருக்குச் சொன்னதை ஊர் மறக்கவில்லை. பின்னால் கிடந்த வாங்குப் பலகையில் யாரோ சிரித்தார்கள்.

அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. நிருஷன் மீண்டும் வாய்க்கால் கட்டில் ஓடினான். அடுத்த வருஷம், வகுப்பு இருக்கிறது என்று சொல்லி, இரண்டு மூன்று தரம் வவுனியாவுக்குப் போய் வந்தான். மகன் பிடிவாதத்தை விட்டுவிட்டான் என்று தில்லைநாதர் நிம்மதியாக இருந்தார்.

ஒரு காலை கடைக்குள் நுழைந்தபோது நல்லதம்பி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "சந்தோசமுங்க ஐயா. தம்பிக்கு எல்லாம் சரியாம். வாற மாசம் பயிற்சிக்குப் போறாராமே?"

தில்லைநாதர் தோளை நிமிர்த்தினார். "ஓமோம். எனக்குத் தெரியாமலோ?" என்றார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு விரைந்தார்.

"தேத்தண்ணிக் கடைக்காரனுக்குத் தெரிஞ்சது எனக்கு ஏன் தெரியேல்லை?"

அன்னபாக்கியம் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்கள் திரும்பவும் நேத்தி வைச்சிடுவியள் எண்டு பயந்தவன்."

"பெத்த தேப்பன் நான்! அம்மாளாச்சிக்கு நன்றிக்கு ஏதாவது செய்ய வேண்டாமோ?"

"வேணும். வெள்ளிக்கிழமை பாற்செம்பு நேந்திருக்கிறன்." சுளகைக் கீழே வைத்துவிட்டு, துலக்கிய செம்பொன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "கோயில் வரைக்கும் தலையில வைச்சுக் கொண்டு நடக்கிறதுதான் வேலை. நீங்கள் எடுங்கோ. இதில முதுகுக்கு ஒண்டும் நடக்காது."

தில்லைநாதர் செம்பைப் பார்த்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.