முதலில் அடி வாங்கும் ஹீரோ

காலை ஆறேகால் மணிக்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, புதிய குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தின் பேனரைப் பார்த்தேன். அதில் பயிற்சியாளர் இல்லை. கையுறை மாட்டிய சினிமா ஹீரோதான் இருந்தார். மாடியில் யாரோ மூட்டையைக் குத்தும் சத்தம்.

மூங்கில்துறைப்பட்டில் எங்கள் தெருவிலும், ஒரு குத்துச்சண்டைப் படம் ஓடிய நாட்களில் இதே சத்தம் கேட்டது. தெருப் பையன்கள் சர்க்கரைச் சாக்கில் மணலை அடைத்துப் புளியமரத்தில் கட்டி, பக்கத்துச் சர்க்கரை ஆலையின் மொலாசஸ் பாகு வாடைக்கு நடுவே தினமும் குத்தினார்கள். சொல்லித்தர ஆளில்லை. படம்தான் வாத்தியார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனும் எதிர்வீட்டுச் செல்வமும் கைகளில் துண்டைச் சுற்றிக்கொண்டு மோதினார்கள். அண்ணன் கையைத் தூக்கவே இல்லை.

“இன்னாடா, தடுக்க மாட்டியா?” என்று கத்தினார் அப்பா.

“சும்மா இருப்பா. ஹீரோ மொதல்ல அடி வாங்கிக்கினுதான் இருப்பாரு. அப்பறம் பாரு!”

“குத்துடா செல்வம், அவன் இன்டர்வெல்லுக்கு அப்பறம்தான் அடிப்பான்!” என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, தெருவே சிரித்து விசிலடித்தது. செல்வத்தின் அடுத்த குத்து அண்ணனின் இடது காதில் விழுந்தது. துண்டெல்லாம் ரத்தம்.

அந்தப் படத்தில் யாருக்கும் காது போகவில்லை.

அண்ணனிடம் இன்றும் வலப்பக்கம் நின்றுதான் பேச வேண்டும்.