ஒடீலியா கேட்ட கேள்வி

ஒடீலியா என்ற பெயரை நான் முதலில் கேட்டது சிகாகோவில், மிட்டாய் ஆலையில், என் நாத்தனார் மொன்செராத்தே வாயால்.

"புதுசா வந்திருக்காளே, அவ பாதி நம்ம ஆளுடி. அம்மா போர்ட்டோ ரிக்கோ, யாவுகோ ஊரு. அப்பன் மெக்சிகோக்காரன். சமையல் நம்மளது, சண்டை அவங்களது."

நானும் சிரித்தேன். விசாரித்தால், அவள் தாய் ப்ரொவிதென்சியா என் சித்தி வாழ்க்கைப்பட்ட வேலஸ் வீட்டுக்குப் பங்காளி முறை. தெரிந்தும் உறவு கொண்டாடவில்லை.

தகப்பன் உருக்காலையில் செத்தபின் தாயும் மகளும் மட்டும்தான். ஜூனில் எங்கள் ஊர்வலம், செப்டம்பரில் மெக்சிகோக்காரர்கள் ஊர்வலம். இரண்டையும் அவர்கள் நடைபாதையில் நின்றே பார்த்தார்கள்.

1973 பனிக்காலத்தில் தாய் போனாள். அடக்கம் முடிந்தால் ஒன்பது நாள் சனம் கூடி வீட்டில் ஜெபமாலை சொல்லவேண்டும். எங்களிலும் வழக்கம் அதுதான், மெக்சிகோக்காரர்களிலும் அதுதான். எங்கள் சங்கத்துப் பெண்கள், "புருஷன் வழி ஆளுங்க பார்த்துப்பாங்க" என்று இருந்துவிட்டோம். அவர்கள் சங்கத்தில், "தாய் வழிச் சனம் இருக்கே" என்று இருந்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள், எப்போது வேலைக்கு வருவாள் என்று கேட்டுவர மேஸ்திரி என்னை அனுப்பினார். கோயிலிலிருந்து வாங்கிவந்த பன்னிரண்டு மடக்கு நாற்காலிகளும் காலி. பெரிய பானை நிறையக் காப்பி. ஜெபத்தில் ஒருவர் சொல்லும் முன்னடியையும் அவளே சொல்லி, மற்றவர்கள் சொல்லவேண்டிய பதிலையும் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாருமே வரலையா?"

"நீ வந்திருக்கியே அக்கா. மேஸ்திரி அனுப்பினாரா?"

உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். மிச்ச நாளெல்லாம் நாங்கள் இருவர்தான்.

அந்த வருஷமே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு இரண்டு சனமும் கோயில் நிலவறையில் கூடினோம். மனுவில் யார் பேரை முதலில் போடுவது என்று அடிதடி வரப் பார்த்தது. வாத்தியார் அனாக்ளேத்தோ, "லத்தீனோன்னு ஒரே பேரா போடுவோம்" என்றார்.

"லத்தீன்னா பழைய பூசையில சாமியார் முணுமுணுப்பாரே, அதானே?" என்றார் மெக்சிகோ நாவிதர் ஒருவர். "நான் எப்பய்யா ரோமாபுரிக்காரன் ஆனேன்?"

"ரோமாபுரிக்காரன் பாஷைதான் பெரியவரே. அதோட பிள்ளைங்கதான் ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், பிரெஞ்சு எல்லாம். அந்தப் பாஷைங்க பேசுற நம்ம நாடுகளுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே லத்தீன் அமெரிக்கான்னு பேரு வந்துடுச்சு. லத்தீனோஅமெரிக்கானோன்னு முழுசா சொன்னா வாய் வலிக்குது. வாலை வெட்டிட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒடீலியா எழுந்தாள்.

"ஒரு வீட்டுல சாவு விழுந்தா இந்த லத்தீனோங்க ஜெபத்துக்கு வருவாங்களா, வாத்தியாரே?"

இரண்டு பக்கப் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டோம். வாத்தியார் மெதுவாக, "வரணும்மா" என்றார். அவள் போய் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டாள்.

பள்ளிக்கூடம் வந்தது. வந்ததும் அவரவர் சங்கத்துக்கு அவரவர் திரும்பினோம். அவள் மட்டும் அந்தப் பேரை விடவில்லை. எக்வடோர்க்காரன், குவாத்தமாலாக்காரி, யார் செத்தாலும் ஒன்பது நாளும் போய் உட்காருவாள். "நீ அவங்களுக்கு என்ன வேணும்?" என்று யாராவது கேட்டால், "லத்தீனா" என்பாள்; லத்தீனோ என்பது பெண்ணுக்கு அப்படித்தான் முடியும். வேறு முறை சொல்லமாட்டாள். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அவள் ஜெபம் சொன்ன வீடுகளின் பிள்ளைகள் வாடகை ஏற ஏற எங்கெங்கோ போய்விட்டார்கள். என்னையும் என் மகன் ஃபுளோரிடாவுக்குக் கூட்டிவந்துவிட்டான். போன ஞாயிறு தொலைபேசியில் கேட்டாள்: "எனக்கு யாரு வருவா, அக்கா?"

"நான் வரேன்டி" என்றேன்.

"அந்த வலிக்கிற முழங்காலோடவா? அந்த மூணு மாடி ஏறிடுவியா நீ?" என்று சிரித்தாள்.

ஒடீலியாவுக்கு இப்போது எழுபத்தேழு வயது. சிகாகோவில், பதினெட்டாம் தெருவில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறாள்.