கோம்பையில் ஒரு வெள்ள ஒத்திகை: பூட்டிய கதவும் அவிழ்த்துவிட்ட நாயும்

தேனிப் பக்கம் போகிறவர்கள் மேகமலை, சுருளி அருவி, திராட்சைத் தோட்டம் என்று போவார்கள். நான் போனது வராத வெள்ளத்துக்காக ஒரு தெருவைக் காலிசெய்ய. திருச்சியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். முப்பத்தெட்டு வயதில், ஏதோ வேண்டுதல் மாதிரி, பேரிடர் மேலாண்மையில் முதுகலை சேர்ந்தேன். வார இறுதி வகுப்புகள், இப்போது இரண்டாம் வருடம். ஆய்வேட்டுக்காக ஏதாவது ஓர் ஊரில் மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு வெளியேற்றும் ஒத்திகையை நடத்திக் காட்ட வேண்டும். முதலில் ஒத்துக்கொண்ட ஊரில் திருவிழா குறுக்கே வந்து, கையை விரித்துவிட்டார்கள். செப்டம்பருக்குள் முடிக்காவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று கைடு மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் இன்னொரு வருடம் ஓட்ட என்னாலும் முடியாது, என் வீட்டாராலும் முடியாது.

கூடப் படிக்கும் இஸ்மாயில்தான் கை கொடுத்தார். உத்தமபாளையத்துக்காரர், பள்ளி ஆசிரியர். "எங்க பக்கம் வாங்க சிஸ்டர். கோம்பையில மலையடிவாரத்துல, ஓடைய ஒட்டி ஒரு தெரு இருக்கு. பேசிட்டேன், எல்லாரும் சரின்னுட்டாக" என்றார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். உசிலம்பட்டி நெரிசலையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் பிடித்தது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் காற்று மாறுவதை முகமே சொல்லும், ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். தேனியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ், ஓர் இரவுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். அறை சுத்தம், சுடுதண்ணீர் மட்டும் பெயருக்கு.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குக் கம்பம் பஸ். சின்னமனூர் வந்ததும் இருபுறமும் நெல் வயல், பின்னால் மலை. உத்தமபாளையத்தில் இறங்கியபோது மணி எட்டு. கோம்பை டவுன் பஸ் கண்ணெதிரே போய்விட்டதால் ஆட்டோ பிடித்தேன், எட்டு கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது ரூபாய்.

"நாய்க்குட்டி வாங்க வந்தீகளா?" என்றார் டிரைவர். வெளியூர்க்காரர்கள் கோம்பைக்கு வந்தால், ஊர்ப் பேரையே கொண்ட அந்த நாட்டு நாய்க்காகத்தான் வருவார்கள் போல.

"இல்லண்ணே, வெள்ளம் வந்தா ஜனங்க எப்படி வெளியேறணும்னு சொல்லிக் கொடுக்க வந்தேன்."

அவர் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தார். "ஒரு தூத்தல் கூட இல்லையேம்மா."

தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம்தான் பாதுகாப்பு மையம், நடந்தால் பத்து நிமிடம். பத்தரைக்கு விசில் ஊதினேன். ஜனங்கள் நான் எதிர்பார்த்ததைவிட ஒழுங்காகக் கிளம்பினார்கள். கையில் தண்ணீர் பாட்டில், மாத்திரை, ஆதார் கார்டு எல்லாம் சொன்னபடியே இருந்தன. மனசு குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி கால் மணி நேரம்கூட நிற்கவில்லை.

அடுத்த வேலை இஸ்மாயிலுடையது. ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, உள்ளே ஆளில்லை என்று பார்த்து, கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். வகுப்பில் இதை ஒரே வரியில் தாண்டிவிடுவோம். ஆனால் கோம்பையில் வீட்டோடு எல்லாரும் எங்காவது கிளம்பினால், கதவைப் பூட்டிவிட்டு நாயை அவிழ்த்துவிட்டுத்தான் போவார்கள். அன்றும் அப்படியே செய்திருந்தார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் செம்பழுப்பு நிறத்தில், கருத்த மூஞ்சியோடு ஒன்று படுத்திருந்தது. குரைக்கக்கூட இல்லை, எழுந்து நின்றது, அவ்வளவுதான். இஸ்மாயில் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"எட்டுக் கிலோமீட்டர்ல இருக்கேன், எனக்கே இது தோணல பாருங்க" என்றார். தெருவில் இன்னும் பதிமூன்று நாய்கள் இருந்தன.

சரி, பள்ளிக்கூடத்திலாவது தலைகளை எண்ணுவோம் என்று போனோம். ஒரு தலை குறைந்தது. இரண்டாம் தடவை வீட்டு வாரியாகக் கூப்பிட்டேன். பாண்டிச்செல்வி என்ற பெண்ணின் வீட்டில் நான்கு பேர், நின்றதோ அவரும் இரண்டு பிள்ளைகளும். அவர் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆத்தா... அவுக உள்ள தூங்குறாக."

கணவர் முருகேசன் கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவர். விடிகாலையில்தான் வந்து படுத்திருக்கிறார். விசில் சத்தத்தில் பாண்டிச்செல்வி பிள்ளைகளைக் கிளப்பி, பையைத் தூக்கி, கைப்பழக்கத்தில் வெளியே பூட்டி, நாயையும் அவிழ்த்துவிட்டு வந்துவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நெசமாவே தண்ணி வந்திருந்தா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் வீட்டைப் பார்க்க ஓடினார்.

வெளியேறிய பிறகு யாரும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்று முந்தின நாள்தான் போனில் அரைமணி நேரம் இஸ்மாயிலுக்குப் பாடம் எடுத்திருந்தேன். அதையெல்லாம் மறந்து பாண்டிச்செல்வியின் பின்னாலேயே ஓடினேன். நாய் அவரைக் கண்டு வாலை ஆட்டியது, என்னைக் கண்டு நிறுத்தியது. அவர் கதவைத் திறந்தார். ஃபேனுக்குக் கீழே மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பியதும், "என்ன, வெள்ளம் வந்துருச்சா?" என்றார்.

"வந்துட்டுப் போயிருச்சு, எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு பாண்டிச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் ஒத்திகை போயே போய்விட்டது. கதவில் குறி இல்லை, ஓர் ஆள் உள்ளே, விதியை மீறியது நான். ஒரு வருடம் போச்சு என்று பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்திருந்தேன். இஸ்மாயில் வீட்டிலிருந்து வந்த பிரியாணியைத் தொடவே இல்லை. அப்போது பாண்டிச்செல்வி வந்தார். "இன்னொருக்கா ஊதுங்க சிஸ்டர். இப்படியே வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினோம். பூட்டுவதற்கு முன் உள்ளே இருப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் நாயை அவிழ்க்க வேண்டும், அதைக் கயிற்றோடு பள்ளிக்கூடத்துக்கே கூட்டி வர வேண்டும். மேட்டுக்கு நாய் வந்துவிட்டால் அந்த வீடு காலி என்று கணக்கு. நாய் இல்லாத வீடுகளுக்கு சாக்பீஸ்.

"அப்ப வீட்ட யாரு பாக்குறது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"வீடு கெடக்கட்டும், மொதல்ல ஆளப் பாருங்க" என்றார் பாண்டிச்செல்வி.

மூன்று மணிக்கு மறுபடி ஊதினேன். பாண்டிச்செல்வி வாசலில் நின்று, "முருகேசா" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டார். புருஷன் பேரை அவர் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லையாம். பள்ளிக்கூட மைதானத்தில் பதினான்கு நாய்களும் ஒன்றையொன்று பார்த்துப் போட்ட சண்டையில் என் விசில் சத்தம் எனக்கே கேட்கவில்லை. இரண்டு தடவை எண்ணினேன். ஒரு தலைகூடக் குறையவில்லை. அந்த நிம்மதியில் ஆறிப்போன பிரியாணியை இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

சாயங்காலம் பயந்துகொண்டே கைடு மேடத்துக்கு போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "முதல் ஒத்திகையை மறைக்காம எழுது. அதுதான் உன் ஆய்வேடு" என்றார். திரும்பும் பஸ்ஸில் தேனியிலிருந்து மதுரை வரை நன்றாகத் தூங்கினேன்.

என்னைப் போலக் களப்பணிக்குப் போகிறவர்களுக்கு: ஞாயிறு காலையில் வைக்காதீர்கள், லோடு ஓட்டுகிறவர்கள் அசந்து தூங்கும் நேரம் அது. உத்தமபாளையத்தில் எட்டு மணிக்கு முன்பே இருந்தால் ஆட்டோச் செலவு மிச்சம். ஒரே நாளில் இரண்டு முறை நடத்த நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ஜனங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கடைசியாக என்ன செய்வார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, நான் டியூட்டியில் இருந்தபோது, பாண்டிச்செல்வியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் மழைச் சத்தமும் நாய்ச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

"சிஸ்டர், ஓடைத் தண்ணி தெருவுக்குள்ள வந்துருச்சு. நாங்க பள்ளிக்கூடத்துலதான் இருக்கோம். நாய் பதினாலும் இங்கன இருக்கு. அவுகளும் இருக்காக. மொதல்ல அவுகளத்தான் எழுப்புனேன்."