தறி போட்ட தாளம்

என் பெரியம்மா ஏலவார்குழலி பாட்டு வாத்தியார் பரீட்சைக்குத் தயாரானது தறிச் சத்தத்தில். வீட்டில் கடிகாரம் கிடையாது. எதிரே உட்கார்ந்து தாளம் போட ஆளும் கிடையாது. பெரியப்பா தறியில் உட்கார்ந்து நூல் ஏற்றிய நாடாவை எறிவார், பலகையை இழுத்து அடிப்பார். அவர் அடிக்கிற ஒவ்வோர் அடிக்கும் பெரியம்மாவின் கை தொடையில் விழும். எட்டு அடி ஓர் ஆவர்த்தனம். அவர் அந்தப் பக்கம் துணியை வளர்க்க, இவள் இந்தப் பக்கம் பாட்டை வளர்த்தாள்.

இது முப்பத்து நாலாம் வருஷம் வாக்கில், நான் பிறப்பதற்கு முன்னால். அப்பா சொன்னது பாதி, பெரியம்மா சொன்னது பாதி. என் அப்பா குமாரசாமி தம்பி. மாணிக்கவாசகம் பெரியப்பா அண்ணன். பெரியம்மாவைப் பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவளைப் பெற்றவரும் தறிக்காரர்தான். ஆனால் சாயங்காலமானால் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சிவன் கோயிலில் தேவாரம் பாடப் போய்விடுவார். அவருடைய தங்கை கங்கையம்மாளைப் பட்டணத்தில் சிந்தாதிரிப்பேட்டையில் கொடுத்திருந்தது. அப்பனுடைய தொண்டை பெரியம்மாவுக்கு அப்படியே வந்திருந்தது என்று சொல்வார்கள்.

அந்த ஆடியில் பெரியப்பாவுக்கு இருமல் வந்தது. கஷாயத்துக்கு அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மார்பைத் தட்டிப் பார்த்த டாக்டர், ஈரக் குழியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்தே உட்காருகிற வேலை இனிமேல் ஆகாது என்று சொல்லிவிட்டார். பெரியப்பா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

“குழிய விட்டு ஏறணுமாம். ஏறிட்டா உலை எப்டி ஏறும்னு கேட்டேன். அதுக்கு மருந்து இல்லேன்னுட்டாரு.”

அவருடைய அம்மா கிருஷ்ணம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “அந்த வார்த்தைய இங்க சொல்லாதேப்பா.”

எங்கள் வீட்டில் அது ஒரு கட்டு. தறியில் உட்கார், தறியை விட்டு எழுந்திரு என்றுதான் சொல்ல வேண்டும். கால் வைக்கிற பள்ளத்தைக் குழி என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதிலும் ஆள் உள்ளே இருக்கும்போது சொல்லவே கூடாது.

தறியை அப்பாவிடம் விட்டுவிட்டு எழுந்திருக்கலாமே என்றால், அப்பா வேறொருவர் வீட்டில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார். இரண்டு தறி ஓடினால்தான் எல்லோருக்கும் சோறு. அந்தச் சமயத்தில்தான், பெரியம்மா எட்டாவது வரைக்கும் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து லில்லி டீச்சர் ஒருநாள் வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்க ஆள் வைக்கப் போகிறார்கள், சர்க்கார் பரீட்சை தேறியிருக்க வேண்டும், தைக்கு மேல் பட்டணத்தில் பரீட்சை என்றாள்.

“பாடிக் காட்டணும். தாளம் போட்டுக் காட்டணும். நாலு பிள்ளைங்கள எதிர்ல உட்கார வச்சு சொல்லிக் கொடுத்தும் காட்டணும். உன்னால முடியும் குழலி.”

“பாட்டு பாடினா பட்டு நெய்யுமா?” என்றாள் கிருஷ்ணம்மாள்.

பெரியப்பா தறியில் இருந்தபடியே சொன்னார்: “நெய்ய வேணாம்னுதாம்மா பாடச் சொல்றேன். குழலி, நீ பாஸ் பண்ணு. அன்னிக்கே நான் ஏறிடறேன்.”

எதிலிருந்து ஏறுவது என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பரீட்சை பெரியம்மாவுக்குப் பரீட்சையாக இல்லை. புருஷனைப் பிடித்துத் தூக்குகிற கயிறாக இருந்தது.

பரீட்சைக்குப் படிக்கிற இன்னொருத்தி சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தாள். குமுதவல்லி என்று பெயர், வரதராஜப் பெருமாள் கோயிலை ஒட்டிய தெரு, ஐயங்கார் வீட்டுப் பெண். பெரியம்மா வயதுதான் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் பெரியம்மா அங்கே போய் ரேழியில் உட்காருவாள். இருவரும் ஒன்றாகப் பாடிப் பார்ப்பார்கள். குமுதவல்லியின் வீட்டில் ஊசல் வைத்த சுவர்க் கடிகாரம் ஒன்று உண்டு. அவள் அதை வைத்துத்தான் தாளம் பழகினாள்.

முதலில் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. கார்த்திகை வாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை, வர்ணத்தை முதலில் குமுதவல்லி பாடினாள், அப்புறம் பெரியம்மா பாடினாள். முடித்ததும் குமுதவல்லி சிரித்தாள்.

“என்னடி குழலி, தேர் இழுக்கிறாப்ல இழுக்கறே? நீ முடிக்கறதுக்குள்ளே நான் உள்ளே போய் ஒரு காபி சாப்ட்டுட்டு வந்துடலாம் போலிருக்கே.”

“நான் இழுக்கல குமுதம்மா. உங்க கடிகாரம் ஓடுது.”

“கடிகாரம் எங்கேயாவது ஓடுமா? சாவி கொடுத்தா நடக்கும், அவ்வளவுதான். ஆவணியிலே ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே முடிச்சோம்?”

“எங்க வீட்ல தறி தப்பாதுங்க. அவரு கை பொய் சொல்லாது.”

குமுதவல்லிக்குத் தறி தெரியாது. அவள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், “அப்போ உங்காத்துக்காரர் குழிக்குள்ளே தூங்கறாரோ என்னமோ” என்றாள்.

பெரியம்மாவுக்கு அந்த வார்த்தை முதுகில் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. ஊசல் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே வர்ணத்தை மறுபடியும் எடுத்தாள். நாலு ஆவர்த்தனத்துக்குள் தெரிந்துவிட்டது. கடிகாரத்தோடு சேர்ந்து போக அவள் கையை விரட்ட வேண்டியிருந்தது. ஆவணியில் அப்படி விரட்டியதில்லை.

அங்கிருந்து பிள்ளையார்பாளையம் வரைக்கும் அவள் தொடையில் தட்டிக்கொண்டே நடந்து வந்தாள். கடிகாரத்தின் நடை கையிலிருந்து போய்விடக் கூடாது என்று. எதிரே வந்தவர்கள், இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒதுங்கிப் போனார்களாம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. அத்தனை சத்தத்திலும் தன் வீட்டுத் தறி தனியாகக் கேட்கும். வாசலுக்கு வெளியே நின்றாள். கை ஒரு வேகத்தில் தட்டுகிறது, உள்ளே தறி வேறு வேகத்தில் அடிக்கிறது. கை முன்னே போகிறது. தறி பின்னால் வருகிறது. ஒவ்வோர் அடிக்கும் இன்னும் கொஞ்சம் பின்னால்.

தறி மெதுவாகியிருக்கிறது. நாளுக்கு நாள் மயிரிழை மயிரிழையாக மெதுவாகியிருக்கிறது. அவளும் அதைப் பின்தொடர்ந்தே போயிருக்கிறாள், தெரியாமல்.

உள்ளே போய் நேராகக் கேட்டாள். “ஏங்க, அடி ஏன் தாமசமாவுது?”

பெரியப்பா தலையைத் தூக்கவில்லை. “புதுப் பாவும்மா. இழை மெலிசா இருக்குது. அவசரப்பட்டா அறுந்துக்கும்.”

“மூச்சு வாங்குதா?”

“பாவு மெலிசுன்னு சொல்றேன், நீ மூச்சுன்றே. ஏன், உனக்கு இன்னா குறை?”

“குமுதம்மா சிரிக்கிறாங்க. தாளம் இழுக்குதாம். இப்டியே போனா பரீட்சைல தள்ளிடுவாங்க.”

அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பெரியம்மா பிற்காலத்தில் சொல்வாள். சொன்னபோது அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பெரியப்பா எறியப் போன நாடாவை மடியில் வைத்தார்.

“அந்தக் கடிகாரம் எப்டிப் போவுது? தட்டிக் காட்டு.”

அவள் தட்டிக் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சரி. பாவு கொஞ்சம் தேறட்டும்” என்றார்.

மறுநாள் காலையில் தறி பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. சரியாகக் கடிகாரத்தின் நடை. பெரியம்மா பிள்ளை போலச் சந்தோஷப்பட்டாள். அவள் பாட உட்கார்ந்ததும் சத்தம் கிளம்பும், முடிக்கும் வரை ஓர் அடி பிசகாது. பலகையை அடிக்கிறபோது நடுவில் இருமலே வராது. அதைத்தான் அவள் நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொண்டாள்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம் அப்பா கூலித் தறியிலிருந்து சாப்பிட வந்தார். பெரியம்மா கிணற்றடிக்குப் போயிருந்தாள். பெரியப்பா நெய்த துணியைச் சுருட்டுகிற மரத்தின்மேல் நெற்றியை வைத்துக் கிடந்தார். பட்டில் படக் கூடாது என்று வாயருகே ஒரு கந்தலைப் பிடித்திருந்தார். கந்தல் சிவந்திருந்தது. அப்பா அதைச் சாயம் என்று நினைத்துக் கையில் வாங்கினார்.

“அண்ணே.”

“அண்ணிகிட்ட வாய தொறக்காதே. பரீட்சை முடியட்டும்.”

“நான் உக்காந்துக்கறேன், நீ எழுந்திரு.”

“உன் அடி வேற, என் அடி வேறடா. அவ கண்டுபிடிச்சிடுவா. அவ இல்லாதப்ப வந்து பழகிக்க. நான் சொல்லித் தர்றேன், இந்த நடைய.”

அப்பா பழகினார். அண்ணி கிணற்றடிக்குப் போகிற நேரமெல்லாம் வந்து பழகினார்.

தை கழிந்து பரீட்சைக்குப் பட்டணம் போனார்கள். குமுதவல்லிக்குத் துணையாக அவள் தம்பி பாச்சா வந்தான். பெரியம்மா சிந்தாதிரிப்பேட்டையில் கங்கையம்மாள் அத்தை வீட்டில் தங்கினாள். அத்தை தாலி இழந்து பல வருஷம் ஆகியிருந்தது. காலையில் தலை வாரி விடும்போது கேட்டாள்: “மாணிக்கம் எப்டி இருக்கான்?”

“தேவல அத்தை. நல்லா அடிக்கிறாரு. முன்னைவிட வேகமா.”

அத்தையின் கையில் சீப்பு நின்றுவிட்டது. “உங்க மாமாவும் கடைசீல அப்டித்தான் ஓடிக்கினு இருந்தாரு” என்றாள். பிறகு, பரீட்சைக்குப் போகிறவளிடம் என்ன பேச்சு என்று பூவைச் செருகி அனுப்பிவிட்டாள்.

பரீட்சை நடந்த இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவர் கண்ணை மூடியே இருந்தார். பெரியம்மா தொடங்கும்போது அந்தக் கூடத்தில் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு கணம் கை எழவில்லை. அப்புறம் உள்ளுக்குள் தறி கிளம்பிற்று, கை அதைப் பிடித்துக்கொண்டது. வர்ணம் முடிந்தபோது கண்ணை மூடியிருந்தவர் திறந்து பார்த்தார்.

“காலப்பிரமாணம் கொஞ்சங்கூட அசையலையே. யார்கிட்ட தாளம் சொல்லிண்டே?”

“வீட்ல தறி ஓடுதுங்க” என்றாள் பெரியம்மா. அவர்கள் இருவரும் சிரித்தார்கள். வெளியே வந்து சொன்னபோது குமுதவல்லியும் சிரித்தாள். பெரியம்மாவுக்கு மட்டும் அத்தை சொன்னது காதில் இருந்தது.

ரயிலை விட்டு இறங்கி, முதலில் பெரியம்மாவை விட்டுவிடலாம் என்று எல்லோரும் ஒரே ஜட்காவில் வந்தார்கள். தெருமுனை திரும்பும்போதே பெரியம்மா வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். அத்தனை தறியிலும் அவள் வீட்டுத் தறி கேட்டது. நேராக, சுத்தமாக, ஓர் அடி பிசகாமல்.

“கேளுங்க குமுதம்மா. அதான் எங்க வீடு.”

குமுதவல்லி மடியில் தட்டிப் பார்த்தாள். “எங்காத்துக் கடிகாரமேதான்டி.”

பெரியம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இறங்கி, மூட்டையைக்கூட வாங்காமல் உள்ளே ஓடினாள்.

தறியில் இருந்தது என் அப்பா.

அவளைப் பார்த்ததும் அவர் கை நின்றது. தறி நின்றதும் வீட்டுக்குள் வேறொரு சத்தம் கேட்டது. உள்ளறையில் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம். அதை மூடத்தான் தறி ஓடியிருக்கிறது.

“நீ எதுக்குப்பா இங்க உக்காந்துக்கினு இருக்கே?”

“அம்மாதான் சொன்னாங்க அண்ணி. நீங்க தெருமுனைல வரும்போது சத்தம் இருக்கணும்னு. இல்லேன்னா அங்கயே விழுந்துடுவீங்கன்னு.”

பாட்டு பாடினால் பட்டு நெய்யுமா என்று கேட்ட கிருஷ்ணம்மாள்தான். அவள் உள்ளறையில் மகன் தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் இடத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். இவள் ரயில் ஏறிப் போன அன்றே அவர் தறியில் சரிந்திருக்கிறார். அதற்கு மேல் அந்த வேகத்தில் அடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பெரியப்பா கண்ணைத் திறந்தார். “பாடினியா?”

“பாடினேன்.”

“தாளம்?”

“அசையலைன்னாங்க.”

அவருக்கு உதடு கொஞ்சம் விரிந்தது. பாயின்மேல் ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். பெரியம்மா கையைத் தன் தொடையில் வைத்து அந்த அடியோடு சேர்த்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. அது கார்த்திகையில் அவள் வாசலில் நின்று கேட்ட நடை. புதுப் பாவு, இழை மெலிசு என்று அவர் சொன்ன நடை. அதைவிடவும் தாமசம்.

பரீட்சை தேறிவிட்டது என்று சேதி வந்தபோது பங்குனி. அதற்குள் அவர் சொன்னபடி ஏறிவிட்டிருந்தார். அந்தத் தறியில் என் அப்பா உட்கார்ந்தார், கூலித் தறியை விட்டுவிட்டு. பெரியம்மா வெள்ளைச் சேலையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வெள்ளைச் சேலைக்காரி பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருவதா என்று ஊரில் ஒரு பேச்சு வந்தது. கிருஷ்ணம்மாள் தினமும் பள்ளிக்கூட வாசல்வரை கூடவே நடந்து, வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புவாள். பேச்சு தானாக நின்றது.

பெரியம்மா முடி நரைக்கும்வரை அங்கேதான் சொல்லிக் கொடுத்தாள். குமுதவல்லி பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்விட்டாள். நான் பெரியம்மாவிடம் பாட்டு கற்கவில்லை, எனக்குத் தொண்டை கிடையாது. ஆனால் அவளிடம் படித்த பெண்கள் பலபேர் எங்களுக்கு உறவு, என் சின்ன நாத்தனார் உட்பட. அவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள். சுருதி விலகினால் டீச்சர் திட்டுவாள். சாகித்தியம் மறந்தால் காதைத் திருகுவாள். தாளம் இழுத்தால் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். பாட்டை நிறுத்திவிட்டு, இழுத்த பிள்ளையைக் கிட்டே கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்பாள்:

“வீட்ல யாருக்குமா உடம்பு சரியில்ல?”