வேர்த்த மிரர்

என் மனைவிக்கு இடது கண் போயிருக்கும். போகவில்லை. இருந்தாலும் இதை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. நான் அப்படியொன்றும் தைரியசாலி இல்லை.

மேலகரத்தில், குற்றாலம் போகும் ரோட்டோரம் எங்கள் பட்டறை. லேசர் மெஷினில் இரும்புத் தகடு வெட்டுகிறோம். பெரும்பாலும் வீட்டு கேட்டுக்கான டிசைன்கள். கம்ப்யூட்டரில் வரைவது அவள், மெஷினை ஓட்டுவது நான். எங்கள் மெஷினின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலாவது விலகிக்கொள்ளலாம். வாங்கிய முதல் மாதம் முழுக்க எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் வினை.

அந்த ஒளியைத் தகடுவரை திருப்பிவிடுபவை உள்ளங்கை அகலச் செம்பு மிரர்கள். விழும் ஒளியில் கொஞ்சத்தை மிரரே குடித்துச் சூடாகும். சூடானால் லேசாகப் புடைக்கும், ஊசிமுனையாகக் குவிய வேண்டிய ஒளி பரந்துபோகும், வெட்டு பிசிறடிக்கும். அதனால் மிரரின் முதுகுப்பக்கம் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் பெட்டிக்குச் சில்லர் என்று பெயர். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாடம். மீதியைத் தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவில்லை.

மெஷின் அறையை மூடி ஏசி போட்டு வைக்க வேண்டும் என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆனி பிறந்து சாரல் விழும்போது இந்த ஊரில் எவன் ஜன்னலைச் சாத்துவான்? எங்கெங்கிருந்தோ காரெடுத்து வந்து அனுபவிக்கிற காற்று. ஏசியை அணைத்துவிட்டு நாலு ஜன்னலையும் திறந்துவிட்டேன்.

அன்று காலை பக்கத்துச் சுரண்டை ஊர்க்காரர் ஒருவரின் கேட்டுக்கு மயில் வெட்டிக்கொண்டிருந்தேன். தோகை பிசிறு பிசிறாக வந்தது. மிரர் சூடாகிறது என்று முடிவுகட்டிச் சில்லரை இன்னும் குளிராக வைத்தேன். பிசிறு கூடியது. மறுபடியும் குளிர்ச்சியைக் கூட்டினேன். இன்னும் மோசம். எரிச்சல் தலைக்கேறியது, மெஷினைத் திட்டினேன், தகட்டைத் திட்டினேன், மயிலைத் திட்டினேன். ஒளியை நிறுத்திவிட்டு கன்ட்ரோல் பெட்டி பக்கம் திரும்பி உட்கார்ந்து எண்களைத் தட்டினேன்.

எனக்குப் பின்னால் அவள் மிரர் மூடியைத் திறந்து குனிந்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

"ஏங்க, மிரர் வேர்த்துக் கெடக்கு..." என்று அவள் சொல்லத் தொடங்கியதும், சோதித்துப் பார்க்க நான் பட்டனை அழுத்தியதும் ஒன்றாக நடந்தன. அலறினாள்.

சில்லிட்ட மிரர் மேல், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரைப் போல, சாரல் காற்றின் ஈரம் படிந்திருந்தது. நான் குளிர்ச்சியைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடியிருக்கிறது. அந்த ஈரத்தில் பட்டுச் சிதறிய ஒளி, அவளுடைய மூக்குக்கண்ணாடியின் இடுக்கு வழியாக இடது கண்ணோரம் பாய்ந்துவிட்டது.

மூடியைத் திறந்தாலே மெஷின் தானாக நிற்க வேண்டும். அதற்கென்று உள்ளே ஒரு சுவிட்சு உண்டு. சும்மா சும்மா நிற்கிறதே என்று கோடையில் அதை அமுக்கி டேப் ஒட்டியிருந்தேன். அவளுக்கு அது தெரியாது.

தென்காசிக்குப் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். அருவியில் குளிக்க வந்த கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. துண்டும் சிரிப்புமாக நடந்தவர்களை அடிக்கலாம் போலிருந்தது.

"வலது கண்ண மூடிக்கிட்டு, முன்னால போகுத பஸ்ஸுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்றேன்.

"ஒண்ணும் தெரியல. ஒரே பொகையா இருக்கு."

ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் கூட்டத்துக்குள் வண்டியை விட்டேன்.

"மூக்குக்கண்ணாடிதான் காப்பாத்தியிருக்கு. ஓரத்துல மேல்படலம் பொசுங்கியிருக்கு. கட்டைப் பிரிச்ச பிறகுதான் பார்வை எப்படின்னு சொல்ல முடியும்" என்று சொல்லி, டாக்டர் மருந்து போட்டுக் கட்டினார். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்.

அந்த மூன்று நாளும் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எம்மேலதான் தப்பு. சொல்லாமக் கொள்ளாமத் தொறந்துட்டேன். நீங்க என்ன செய்வீய, பாவம்!"

நான் அவளுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பார்வை திரும்பினால் உண்மையைச் சொல்வது, திரும்பாவிட்டால் சாகும்வரை சொல்லாமலிருப்பது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். கண் போய்விடுமோ என்ற பயத்தைவிட, அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எப்போது பெரிதானது என்று எனக்கே தெரியாது. நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கட்டைப் பிரித்தார்கள். பலகையின் கடைசி வரிவரை வாசித்தாள். அன்று மாலையே பட்டறையில் வைத்துச் சொன்னேன். டேப்பைக் காட்டினேன். அழுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் குனிந்து, நகத்தால் அதை மெதுவாகப் பிரித்து எடுத்தாள்.

"இனிமே பட்டன்கிட்ட நான் இருக்கேன். மிரரத் தொடைக்கணும்னா நீங்க குனிங்க" என்றாள்.

சுவிட்சு இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. ஏசி ஓடுகிறது, ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. எல்லாம் தெரிந்தும், மூடிக்குள் தலையைக் கொடுக்கும்போதெல்லாம், "கையை எடுத்துட்டியா?" என்று கேட்கிறேன். அவள் உடனே பதில் சொல்வதில்லை.